மிஸ்டு கால் வராத காலை

ஒன்பது மணி ஆகும்வரை என் கை ஒழுங்காக ஓடாது. மடியில் பீடித் தட்டு இருக்கும், தட்டின் ஓரத்தில் போன் இருக்கும். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டுகிற விரல்களுக்கு என் யோசனை தேவையில்லை. சிறு வயதிலிருந்து பழகியவை. ஆனால் கண் போனிலேயே கிடக்கும். அப்படிச் சுற்றுகிற பீடி தொளதொளவென்று வரும். பீடிக்கடையில் கழித்துப் போட்டுவிடுவார்கள்.

எல்லாம் மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான்.

அதற்கு முன் வேன். வாசலில் ஏறி வாசலில் இறங்குவாள். வந்ததும் கட்டில், கையில் போன். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனபோது பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவளை எடை பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்து, “மருந்து இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறா?” என்று கேட்டார். வேனில் என்றேன். “நடக்க விடுங்க. இல்லன்னா சைக்கிள்ல விடுங்க. இப்படியே உக்கார வச்சிருந்தா சின்ன வயசுலயே சர்க்கரை வந்துரும்” என்றார். அப்படியே என் முழங்காலையும் ஒரு பார்வை பார்த்து, “உங்களுக்கும் சேத்துதான் சொல்லுதேன்” என்றார்.

பள்ளியில் கொடுத்த சைக்கிள் வீட்டில்தான் நின்றது. அதில் ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

வளைகுடாவில் வண்டி ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். எங்கள் மேலப்பாளையத்திலிருந்து பள்ளி இருக்கிற பாளையங்கோட்டை வரை ரோடு எப்படி என்று அவருக்குத் தெரியும். “சரி, போகட்டும். ஆனா ஒரு நாள் ஏதாவது ஒண்ணுன்னு நான் கேள்விப்பட்டா, அன்னையோட சைக்கிளு கெடையாது. வேன்தான்” என்றார்.

மகள் சந்தோஷத்தில் குதித்தாள். பர்தா சங்கிலியில் மாட்டாமல் இருக்க, துணி மாட்டுகிற கிளிப் இரண்டை ஓரத்தில் மாட்டிவிட்டேன். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் நான் செய்த ஏற்பாடு அவளுக்குத் தெரிந்தபோது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பள்ளியில் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ரவுண்டானா பக்கம் டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தேன்: அவள் கடந்து போனதும் ஒரு மிஸ்டு கால். பள்ளி வாட்ச்மேனிடமும் சொன்னேன்: உள்ளே நுழைந்ததும் ஒரு மிஸ்டு கால்.

“எம்மா, நான் டீ ஆத்துவனா, ஒம் புள்ளைக்கு டிராபிக் போலீஸ் வேல பாப்பனா?” என்று டீக்கடை அண்ணாச்சி கேட்டார். ஆனாலும் தினமும் அடித்தார்.

மகள் ஒரு சாயங்காலம் பையை வீசினாள். “உம்மா, என்னைக் கண்டதும் அவரு கிளாஸக் கீழ வச்சிட்டு போன எடுக்காரு. டீ குடிக்கவ பூரா திரும்பிப் பாக்காவ. கூட வாரவளுவ எல்லாம், ‘ஏட்டி, நீ என்ன மந்திரியா’ன்னு கேக்குதாளுவ.”

“ரெண்டு பேரு பாத்தா என்ன கொறஞ்சு போச்சு?”

“நீங்க பயப்படுறதுக்கு நான் ஏன் உம்மா வெக்கப்படணும்?”

தட்டை இழுத்து அடுத்த இலையை வெட்ட ஆரம்பித்தேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலை மிஸ்டு கால் வரவில்லை. அண்ணாச்சிக்கு நானே அடித்தேன். “இன்னைக்கு இந்தப் பக்கம் வரலயே. லீவுன்னுல்லா நெனச்சேன்” என்றார். வாட்ச்மேன் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. லாரி, பஸ், ரோட்டில் கிடக்கிற பச்சைக் கிளிப், எல்லாம் கண்ணில் வந்துவிட்டது. தட்டைத் தள்ளியதில் தூள் தரையெங்கும் கொட்டியது. பர்தாவை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் பள்ளிப் பிள்ளைகள் பிதுங்கிக்கொண்டு போனார்கள். நடந்தேன். வழியில் வீட்டுக்காரரின் அழைப்பு வந்தது. கட் செய்தேன். இதுவரை நான் செய்யாத காரியம் அது.

டீக்கடை அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டார். “பதறாத. கால்வாய்க்கரை வழியா நாலஞ்சு பொம்பளப் புள்ளைய சைக்கிள்ல போகுதுன்னு கேள்வி. அங்கன போய்ப் பாரு, பையப் போ.”

பையப் போகிற நிலைமையா? பாளையங்கால்வாயின் கரை எனக்குத் தெரியாத இடமில்லை. ஆனால் அன்றைக்கு அதில் ஓடிய தண்ணீர் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகாயத்தாமரை ஒதுங்கிய இடத்தில் எல்லாம் குனிந்து பார்த்தேன். கருப்பாக எது கிடந்தாலும் பர்தாவோ என்று கிட்டப் போனேன். ஒன்று கிழிந்த குடை, ஒன்று டயர். ஈர மண்ணில் சைக்கிள் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போயின. அவை கரையை விட்டு இறங்கிவிடக் கூடாதே என்று தடத்தைப் பார்த்தே நடந்தேன்.

படித்துறையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

“நாலு சைக்கிளு போச்சு. அந்தச் சிரிப்புக் கூட்டந்தான?”

“பர்தா போட்ட புள்ள ஒண்ணு இருந்துச்சா?”

“அவதான முன்னால போனா! பின்னால வந்தவளுவ, ‘நில்லுட்டி, மூச்சு முட்டுது’ன்னு கத்திகிட்டே போனாளுவ. ஒன் மவளா?”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். மாடிப்படி ஏற முடியாமல் நின்றவள் முன்னால் போயிருக்கிறாள். அப்போதும் முழுசாக நம்பிவிடவில்லை. பள்ளி வாசல் வரை நடந்தேன்.

“போன சார்ஜ்ல போட்டுட்டேன் தாயி, உள்ளதான் இருக்கா” என்றார் வாட்ச்மேன். கம்பிக் கதவு வழியாகச் சைக்கிள் வரிசையைக் காட்டினார். ஒரு கைப்பிடியில் பச்சைக் கிளிப்பும் சிவப்புக் கிளிப்பும் தொங்கின. வகுப்புக்குள் போகுமுன் கழற்றி அங்கே மாட்டிவிட்டுப் போவாள் போல. அவளைக் கூப்பிடச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. எத்தனை ஜன்னல்கள் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

சுவரோரம் உட்கார்ந்தபோது மறுபடியும் அழைப்பு.

“ஏன் கட் பண்ணுன? ஏன் இப்படி மூச்சு வாங்குது ஒனக்கு?”

“நடந்தேன் மச்சான். டாக்டரம்மா எனக்கும் சொன்னாவல்லா.”

“புள்ள போயிட்டாளா? மிஸ்டு கால் வந்துச்சா?”

சைக்கிள் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

“வந்துச்சு” என்றேன்.

சாயங்காலம் அவள் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தாள். நான் ஒன்றும் கேட்காததால் அவளே ஆரம்பித்தாள். “உம்மா, காலைல கால்வாய்ப் பக்கம் வந்தியளாமே.”

“யாரு சொன்னா?”

“துணி தொவைக்க அக்கா. வேகு வேகுன்னு போனியளாம். இனிமே நீங்க போனாலும் எனக்குத் தகவல் வந்துரும், பாத்துக்கோங்க.”

சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று போடவும் தோன்றியது. எந்த வழியாகப் போகிறாள் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்றேன். அண்ணாச்சி இனி போனை எடுக்கக் கிளாஸைக் கீழே வைக்கக் கூடாது என்றாள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

மிஸ்டு கால் இப்போது கிடையாது. பிள்ளைகளைச் சைக்கிளில் விடுங்கள் என்று தெருவில் கேட்கிறவர்களுக்கு நானும் சொல்கிறேன். பயம் போய்விடும் என்று மட்டும் சொல்வதில்லை. பீடிக்கடையில் தரம் பார்க்கிறவர் நேற்றும் என் கட்டைப் பிரித்து, தொளதொளவென்று இருந்த பீடிகளை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்து வைத்தார்.

“இதெல்லாம் காலைல சுத்துனதா?” என்று கேட்டார்.