சீகிரியாவில் ஒரு ராத்திரி, நிலாவெளியில் ஐந்து

காலை ஏழரைக்கு இனாமலுவைச் சந்தியில் திருகோணமலை பஸ் ஏறினோம், நானும் என் மனைவி சாந்தியும். சீகிரியாவிலிருந்து சந்திவரை பத்துக் கிலோமீற்றர், திரீவீலுக்கு ஆயிரம் ரூபா. சீகிரியாவில் எங்களுக்கு இரண்டு அறை கொண்ட தங்குமிடம் இருக்கிறது. வருகிற வெள்ளைக்காரர்கள் ஒரு ராத்திரி தங்குவார்கள், விடியலில் மலையேறுவார்கள், மத்தியானம் இதே பஸ்ஸைப் பிடித்துக் கடலுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஐந்து ராத்திரி கிடப்பார்கள். இந்தப் பஸ்ஸைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

போனதற்குக் காரணம் மகேந்திரன். சாந்தியின் அக்கா கணவர், என் சகலை. ஒரு காலத்தில் மாத்தளையில் என்னோடு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலைக்கு நின்று, வருகிறவர்களுக்கு ஏலக்காயும் கறுவாவும் காட்டிக்கொண்டிருந்தவர். இப்போது நிலாவெளியில் எட்டு அறை வைத்திருக்கிறார். "அங்க மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. குசினிச் சமையல சாந்தி பாத்துக்கட்டும்" என்று போனில் கூப்பிட்டபடி இருந்தார். நேரில் போய், அவர் மனம் நோகாமல் முடியாது என்று சொல்லிவிட்டு வருவதுதான் என் திட்டம். சாந்தி சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

பத்தரைக்குத் திருகோணமலை. அங்கிருந்து நிலாவெளி பதினைந்து கிலோமீற்றர். இறங்கியதும் கடல் தெரிந்தது. அலையே இல்லை, குளம் மாதிரிக் கிடந்தது. இதற்கா இத்தனை கூட்டம் என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள்.

அங்கே பகலில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் படகில் புறாத்தீவுக்குப் போய், முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கலாம். வெயில் ஏறியதும் கன்னியா வெந்நீரூற்றில் வாளி வாளியாய் ஊற்றிக்கொள்ளலாம். மாலையில் கோணேசர் கோயிலில் பூசை பார்த்துவிட்டுத் திரும்பலாம். நாங்கள் மூன்றையும் அன்றைக்கே அவசரமாகச் சுற்றினோம்; நான் எல்லாவற்றுக்கும் குறை தேடிக்கொண்டே போனேன். மீன் பார்க்கிறவனுக்கு முதுகு வேகிறது என்றேன், வெந்நீர்க் கிணறுகள் சின்னவை என்றேன். கோயிலில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

இரவைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. சீகிரியாவில் இருட்டினால் தெருவில் யானை நிற்கும்; விருந்தாளிகள் எட்டு மணிக்கே கொசுவலைக்குள் போய்விடுவார்கள். நிலாவெளியில் அப்போதுதான் மணலில் மேசை போடுகிறார்கள். விளக்கு, பாட்டு, கரியில் வாட்டிய பாரை மீன். இளநீரைக் கூட இருநூற்றைம்பதுக்கு விற்கிறார்கள், அதையும் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். மகேந்திரன் மேசை மேசையாய்ப் போய்ப் பேசினார். தோட்டத்தில் அவரைவிட நான்தான் நன்றாக இங்கிலீஷ் பேசுவேன். அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஊரில் தங்குமிடம் வைத்திருப்பவன் தினமும் இருட்டோடு எழுந்து, தேத்தண்ணியோடு அறைக் கதவைத் தட்ட வேண்டும். பிந்தினால் விருந்தாளி வெயிலில் படியேறி நம்மைத் திட்டுவான். எனக்கு அது கையோடு ஒட்டிய பழக்கம். நாலரைக்கு முழிப்பு வந்தது. பாதித் தூக்கத்தில் நடைக்கு வந்து, "குட் மோர்னிங், மலைக்கு நேரமாச்சு!" என்று இரண்டு கதவுகளைத் தட்டிவிட்டேன்.

மகேந்திரன் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன சகல, என்ன வேல பாத்தீங்க! இங்க எட்டு மணிக்கு முன்ன ஒருத்தரையும் எழுப்ப மாட்டோம்!"

ஒரு கதவு திறந்தது. போன வாரம் எங்கள் வீட்டில் தங்கிய ஜோடி! என்னைப் பார்த்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது அவர்களுக்கு. நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி, இங்கே ஐந்தா என்று.

"உங்கள் ஊரில் பார்க்க மலை இருந்தது, பார்த்துவிட்டோம்" என்றாள் அந்தப் பெண். "இங்கே பார்த்து முடிக்க ஒன்றுமில்லை."

தூக்கம் கலைந்ததால் எல்லோரும் கரைக்குப் போனோம். சாந்தியும் எழுந்து வந்து மணலில் உட்கார்ந்தாள். சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூரியன் வர்றதப் பாக்கணும்னுதானே எல்லாரும் நம்ம ஊருக்கு வர்றாங்க?" என்றாள்.

"ஆமா."

"அந்த நேரம் நான் அவங்களுக்குக் காலச் சாப்பாடு பார்சல் கட்டிக்கிட்டு இருப்பேன். ஒரு நாள்கூட பாத்ததில்ல."

என் மனைவி அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கடல்மேல் அதுவரை இருந்த பொறாமை, இவளை இப்படி உட்கார வைத்துவிட்டதே என்ற பொறாமைக்கு முன் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மத்தியானம் புறப்பட்டோம். எங்களை அங்கே வந்துவிடச் சொல்லும் பேச்சையே மகேந்திரன் எடுக்கவில்லை. நல்லவேளை, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். பஸ் கந்தளாய்க் குளத்தைத் தாண்டியபோது சாந்தி சொன்னாள்:

"அத்தான்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்."

"நான்?"

"உங்களுக்கும் சேத்து நான் எப்படிச் சொல்றது? நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். நான் ஹபரணைவரை யோசித்தேன்.

இனாமலுவையில் இறங்கினோம். எதிர்ப்பக்கம் நாலைந்து வெள்ளைக்காரர்கள் முதுகில் மூட்டையோடு திருகோணமலை பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். பஸ் வந்தது, ஏறினார்கள். நான் போவதற்கு முன்னால் இவர்கள் போகிறார்களே என்றிருந்தது எனக்கு.