ஏழு சுற்று

ஓர் இடத்தில் உட்காரச் சொன்னால் எனக்குக் காலில் எறும்பு ஏறும். இப்போதும் அப்படித்தான். பத்து வயதில் இன்னும் மோசம். சோற்றுத் தட்டை விட்டு எழுந்து நடப்பேன். பள்ளியில் டீச்சர் என்னைப் பின்னால் நிற்கவைத்தே பாடம் நடத்தினார். நான் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடுகிறதாம், மற்றப் பிள்ளைகள் எழுத முடியவில்லையாம்.

அதனால்தான் அப்பாவோடு நடக்கப் போக அம்மா என்னைப் பிடித்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டினார். அம்மா அந்தத் தலையாட்டலை நம்பவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு மீட்டர் வாங்கி வந்தாள். தீப்பெட்டி அளவு இருக்கும். இடுப்பில் மாட்டினால் எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணிக் காட்டும்.

“நீயும் கூடப் போ. அப்பா ஸ்டால்ல உக்காந்து தே தாரிக் குடிச்சா வந்து சொல்லு.”

“சொந்தப் பொண்ணையே போலீஸ் ஆக்கிட்டா பாரு” என்றார் அப்பா.

எங்கள் தாமான் குடியிருப்பு, மேரு ஊருக்குப் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் தொழிற்சாலைகள். கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு குளம். வெள்ளம் வராமல் இருக்க வெட்டியது. அதைச் சுற்றிச் சிவப்புக் கல் பாதை, தூங்குமூஞ்சி மரங்கள், நாலு பெஞ்சு. அங்கே போனால் லோரிச் சத்தம் கேட்காது. கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். பியாவாக் என்கிற பெரிய உடும்பு தண்ணீரிலிருந்து ஏறி, இடம் பார்க்க வந்த முதலாளி மாதிரி மெதுவாகப் பாதையைக் கடக்கும். நடக்கிறவர்கள் நின்று வழிவிடுவார்கள்.

முதல் வாரம் அப்பா நடந்தார். அவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நான் இரண்டு முடிப்பேன். இரண்டாவது வாரம் பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டிக்கொண்டார். காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை. இடுப்பிலிருந்த மீட்டரை எடுத்து என் காற்சட்டையில் மாட்டினார்.

“நீ எப்படியும் ஓடத்தான் போற. இதையும் கூட்டிட்டுப் போ.”

“அம்மா கேட்டா?”

“நம்பரத்தானே கேப்பா. மாசக் கடைசி வரைக்கும்தான்லா. அப்புறம் நானே நடப்பேன்.”

மாசக் கடைசியில் என்ன என்று நான் கேட்கவில்லை. ஓடு என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

ஏழு சுற்று ஓடினால் ஆறாயிரம் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்பா பெஞ்சிலிருந்து குரல் கொடுப்பார். மீன்கொத்தி வந்துச்சு, நீ பாக்கல. பியாவாக் ரெண்டு சண்ட போட்டுச்சு, நீ பாக்கல. நாளைக்குப் பார்க்கிறேன் என்று கத்திக்கொண்டே தாண்டிவிடுவேன். அந்தக் குளத்தை அப்பா உட்கார்ந்து பார்த்தார். நான் ஓடினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னது.

தினமும் அங்கே பின்பக்கமாகவே நடக்கிற சீன அங்கிள் ஒருவர் இருந்தார். முட்டிக்கு நல்லதாம். ஒருநாள் அப்பாவைத் தாண்டும்போது சொன்னார். “யூ சிட், ஷீ ரன். ஹூ கெட் ஸ்லிம், பாஸ்?”

அப்பா சிரித்தார். “ஃபேமிலி பேக்கேஜ், அங்கிள்.”

ஒருநாள் எனக்கு வெறி பிடித்துப் பதினைந்தாயிரம் ஓடிவிட்டேன். அம்மா மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க, நடந்தே ஈப்போ போய்ட்டு வந்தீங்களா?” அப்பா அன்று இரண்டு தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டார், நடந்த களைப்பாம். மறுநாள் குளத்தங்கரையில் என் காதைப் பிடித்தார். “ஆறாயிரம் வந்ததும் கழட்டிக் குடுத்திடணும். மிச்சத்த உன் கணக்குல ஓடு.”

அம்மாவுக்குப் பெருமை. பக்கத்து வீட்டு ஆன்டியிடம் தினமும் நம்பரைச் சொல்வாள். அப்பா வீட்டுக்குள் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். அதுவும் அவளுக்குச் சந்தோஷம்தான். புதிதாக நடக்கிறவர்களுக்கு அப்படித்தான் வலிக்கும் என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அப்பா வாளியைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்படியே கொட்டும் சத்தம் கேட்கும்.

வலது காலுக்கு மட்டும் இரண்டு காலுறை போடுவார். சப்பாத்தை வெளியே பூச்சட்டிக்குப் பின்னால் வைப்பார். அதில் ஈ மொய்க்கும். நான் விரட்டுவேன். ஆறாயிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் யாரும் காலைப் பார்க்கவில்லை.

மாசம் முடிய நாலு நாள் இருந்தது. மூன்றாவது சுற்று முடிந்தபோது மழை கொட்டியது.

“நீ ஓடு. நான் பின்னால வரேன்” என்றார் அப்பா.

ஓடினேன். அம்மா குடையோடு கேட்டில் நின்றாள். என் இடுப்பைப் பார்த்தாள். மீட்டர் அங்கே இருந்தது. கழற்றிக் கொடுக்க மறந்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

“இது ஏன் உன் இடுப்புல இருக்கு?”

அம்மா ரோட்டைப் பார்த்தாள். தெருக்கோடியில் அப்பா வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுக் கேட்டாகப் பிடித்துப் பிடித்து வந்தார்.

அடி விழும் என்று சுவரோரம் ஒதுங்கினேன். விழவில்லை. அம்மா மீட்டரை என் கையில் திணித்தாள். குடையை அப்படியே போட்டுவிட்டு மழையில் போனாள். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வாசல்படியில் உட்காரவைத்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். முதல் காலுறை வந்தது. இரண்டாவது ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி உரித்தாள். வாடை வந்தது. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எத்தன நாளா?”

“சப்பாத்து கடிச்சது. சின்னதாத்தான் இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“மாசக் கடைசியில லைசன்ஸுக்கு டாக்டர் பாப்பாரு. தெரிஞ்சா லோரி போயிடும்.”

“வலிக்கலயா உங்களுக்கு?”

“இல்ல” என்றார் அப்பா. “அதான் ஆச்சரியமா இருக்கு. ஒண்ணுமே வலிக்கல.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டி தேய்ந்தாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். வலிக்காத புண் ஒரு புண்ணா? அம்மா ஏன் அழுகிறாள் என்று விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்டியின் காரில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் ஆன்டி வீட்டில் இருந்தேன். அங்கும் உட்காரவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். யோசித்துப் பார்த்தேன். ஆறாயிரம் வந்த நாளெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்தார். குறைந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நாலு சுற்று நான் பாக்கி வைத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் பையை வைத்துவிட்டுக் குளத்துக்கு ஓடினேன். அன்றைக்கு ஏழு சுற்று, நேற்று விட்டது நாலு. மொத்தம் பதினொன்று. பெஞ்சு காலி. பியாவாக் ஒன்று ஏறி வந்து பாதையில் படுத்தது. நான் நிற்கவில்லை. தாண்டினேன். சீன அங்கிள் கேட்டார், “அமோய், வேர் யுவர் பாப்பா?”

“ஹாஸ்பிட்டல்” என்று கத்திவிட்டு ஓடினேன். அடுத்த சுற்றில் பார்த்தேன். அவர் நடப்பதை விட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது அம்மா துணி எடுக்க வந்தாள். ஆன்டி காரில் காத்திருந்தார். நான் மீட்டரை நீட்டினேன்.

“நேத்து விட்டதையும் சேத்து ஓடிட்டேன்மா. மிஸ்ஸிகிட்ட காட்டு. அப்பாவ விட்டுடுவாங்க.”

அன்று காலை ஆஸ்பத்திரியில் அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் அவள் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் “சாப்பிட்டியா?” என்று கேட்டு மீட்டரைப் பையில் போட்டாள். அப்பாவின் கைலி, துண்டு, பல் பிரஷ். வாசலுக்கு வந்து அவருடைய சிலிப்பரையும் எடுத்துப் போட்டாள். ஒரு நிமிஷம் நின்றாள். வலது கால் சிலிப்பரைப் பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

பதற்றத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அந்தச் சிலிப்பரைத் தூக்கிக்கொண்டு, அம்மா அம்மா என்று கத்தியபடி, தெருக்கோடி வரைக்கும் காருக்குப் பின்னால் ஓடினேன்.