அண்ணன் தோப்பில் அணில் கூடு எண்ணியது

சிவகாசியில் தினசரிக் காலண்டர் அச்சிடும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வீட்டுச் சுவர்களுக்குப் போகின்றன. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய மூன்று மாதம் தலை நிமிர முடியாது. மாசியில் வேலை குறைவு. சாம்பல் நிற அணிலின் கூடுகளை எண்ணத் தன்னார்வலர்கள் தேவை என்று வனத்துறை கேட்டபோது நான் பெயர் கொடுத்ததற்கு அதுதான் காரணம். வேறு உயர்ந்த காரணம் இல்லை.

இது வீட்டுக் கூரையில் ஓடும் அணில் அல்ல. உடம்பு பூனைக்குட்டி அளவு. வால் அதே நீளத்துக்கு இன்னொன்று. தரையில் இறங்க விரும்பாது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொட்டால்தான் அதற்குப் பாதை. கிளைகள் சேரும் இடமாகப் பார்த்துக் குச்சியும் இலையும் வைத்துக் கூடு கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், காட்டு எல்லைக்கு வெளியே, என் அண்ணனுக்கு மாந்தோப்பு இருக்கிறது. காட்டு ஓடையிலிருந்து தோப்புவரை வரிசையாகப் பதினோரு புளியமரங்கள். அணில்கள் அந்த வரிசை வழியாகத்தான் வந்து போகின்றன. அதை வெட்டிவிட்டுத் தென்னை வைப்பது அண்ணனின் மூன்று வருடத் திட்டம். மர வியாபாரி வந்து அடிமரங்களை அளந்துவிட்டும் போயிருந்தார்.

எண்ண வேண்டிய இடங்களில் அண்ணன் தோப்பும் இருந்தது. அதை ஒரு வாரம் முன்பே போனில் சொன்னது என் தவறு. பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்த மரங்களில் பதினான்கு கூடுகள் பார்த்து டைரியில் எழுதியிருந்தேன். அதையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்ததாக எழுதினால் பொய். எண் கைவசம் இருந்ததால் சொன்னேன்.

"கூடு இருந்தா என்ன செய்வாக?" என்று கேட்டார்.

"குடியிருக்கிற கூடுன்னா மரத்தைத் தொட விடமாட்டாகண்ணே."

"அப்படியா," என்றார். "சரி, வெயிலுக்கு முந்தி வந்துருங்க. மோரு கலக்கச் சொல்லுதேன்."

எண்ணும் நாளன்று காலை ஏழு மணிக்கு நானும் வனக்காவலரும் தோப்புக்குப் போனோம். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் எழுந்திருப்பதில்லை. பக்கத்தில், வருடாவருடம் மரமேறிப் புளி உலுக்கித் தருகிறவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"தங்கச்சியே எண்ண வந்துருக்காக. அண்ணாச்சிக்குச் சலுகை உண்டா?" என்றார் காவலர்.

"எண்ணுறதுக்கு இருந்தாத்தானே சலுகை? ஒத்தக் கூடு கிடையாது. நல்லாப் பாத்துக்கோங்க," என்றார் அண்ணன்.

முதல் மரத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. பொங்கலன்று அந்த இரண்டில் மட்டும் நான்கு இருந்தன. மூன்றாவது மரத்தில், கிளைக் கவையில், இலை கொஞ்சம் அதிக அடர்த்தியாகத் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தேன். பச்சை இலை செருகிய புதுக் கூடு.

"ஒன்று," என்றேன்.

அண்ணன் மேலே பார்த்தார். பிறகு மரமேறியைப் பார்த்தார். மரமேறியும் மேலே பார்த்து, "அட, ஆமா மொதலாளி," என்றார்.

பதினோரு மரமும் முடிந்தபோது மொத்தம் ஐந்து. ஐந்திலும் பச்சை இலை. காய்ந்த கூடு ஒன்றுகூட இல்லை. எந்தத் தோப்பிலும் பாதிக்கு மேல் பழைய கூடாகத்தான் இருக்கும். எல்லாக் கூடும் குடியிருப்பில் உள்ள தோப்பை இதுவரை பார்த்ததில்லை என்றார் காவலர். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மோர் கொடுக்க வந்த மரமேறி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "காஞ்சதைப் பூராம் தட்டிட்டேம்மா. இந்த அஞ்சுல குட்டி மொனங்குச்சு. கை வரல. மொதலாளிட்ட முடிஞ்சுருச்சுன்னு சொல்லிப்புட்டேன். பச்சை எலைக்குள்ள பச்சைக் கூடு கீழ நிக்கிற அவுகளுக்குத் தெரியாதே."

காவலர் படிவத்தை நீட்டினார். கடைசியில் குறிப்புக்கென்று இரண்டு வரி இடம் இருந்தது. கூட்டைக் கலைப்பது குற்றம் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். எழுதினால் அண்ணன் மாட்டுவார். எழுதாவிட்டால் மீதி ஐந்தும் அடுத்த வாரம் இருக்காது. இந்த முறை மரமேற வேறு ஆளைப் பிடித்துவிடுவார். கைவிட்டுவிடாதே என்பதுபோல அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் அப்பா இறந்தபோது பந்தலில் நின்று என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்.

"பொங்கலுக்குப் பதினாலு இருந்துச்சு," என்று காவலரிடம் சொல்லிவிட்டு, அதையே எழுதினேன். யார், எப்படி என்று எழுதவில்லை.

"காத்துல விழுந்துருக்கும்," என்றார் அண்ணன்.

காவலர் வேலியோரம் கிடந்த குச்சிக் குவியலைக் காலால் கிளறினார். "விழுந்து, தானே நடந்து வந்து இங்கன குமிஞ்சிருச்சோ அண்ணாச்சி?"

பத்து நாளில் ரேஞ்சர் வந்தார். அண்ணனிடம் எழுதி வாங்கினார். மரத்தில் கை வைக்கக் கூடாது, மாதாமாதம் கூடுகளை எண்ணித் தெரிவிக்க வேண்டும். வழக்கு வேண்டாமென்று எச்சரிக்கையோடு விட்டார். அண்ணன் எனக்குப் போன் செய்வதை நிறுத்தினார்.

வைகாசியில் அவர் பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை கூரியரில் வந்தது. இங்கிருந்து அங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் தர வேண்டியதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். என் கணவர் போக வேண்டாம் என்றார். நான் போனேன். தோப்பிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். "வா," என்றார் அண்ணன். பந்தி முடியும்வரை அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

கை கழுவும் இடத்தில் பின்னால் வந்து நின்றார். கையில் மடித்த தாள்.

"மாசக் கணக்கு. உன் கையெழுத்துத்தான் அவுகளுக்குப் புரியுதாம். மூணுன்னு போடு."

"எண்ணுனீகளா?"

"எண்ணல."

"எண்ணாம எப்படிண்ணே எழுத?"

"நீ பெரிய அரிச்சந்திரன் பேத்தி. வந்து தொலை."

பட்டுச் சேலையோடு நானும் பட்டு வேட்டியோடு அவரும் பதினோரு மரத்தடியிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தோம். பந்தலில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மொத்தம் ஏழு. ஏழு என்று எழுதினேன். அண்ணன் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"தென்னங்கன்னுக்குச் சொல்லிவச்சது சொல்லிவச்சபடியே கெடக்கு," என்றார்.

"கெடக்கட்டும்ணே," என்றேன்.