நாற்பதுக்கு ஆள் பிடித்த கதீப்

வட அந்தமானுக்கு ஜெய்னுதீன் லெப்பையைக் கதீபாக அனுப்பியது அறுபத்து மூன்றாம் வருஷம். அவருடைய எல்லை பெரிது: திக்லிபூர் ஜெட்டியிலிருந்து காடு முடிகிற வரைக்கும். காடு எங்கே முடிகிறது என்பது அதிகாரிகளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறிக் குத்பா என்கிற பிரசங்கம் ஓதுவதுதான் கதீபுக்கு வேலை. ஆனால் ஜும்ஆ என்கிற அந்த வெள்ளிக்கிழமைத் தொழுகை நடக்க, அந்த ஊரையே சொந்த ஊராகக் கொண்ட நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது லெப்பை ஓதிய ஷாஃபி சட்டம். என்றாவது திரும்பிப் போகிறவன் கணக்கில் சேரமாட்டான்.

குத்பாவுக்குப் பிடிக்கும் கைத்தடியைப் படாக் மரத்தில் செய்து வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் ஜெட்டியில் நின்றார் லெப்பை. கப்பலிலிருந்து ஒரு தொப்பி இறங்கினால் போதும், பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மர வேலைக்கு ஒரு கூட்டம் வந்திறங்கிய வருஷம் தலைகள் நாற்பதைத் தொட்டன.

அந்த வெள்ளிக்கிழமை தகரப் பள்ளிவாசல் நிறைந்தது. கையில் தடியோடு லெப்பை கேட்டார்: “எல்லாரும் இங்கேயே தங்குற நிய்யத்துதானே?”

“என்ன லெப்பை, சாபம் விடுறீங்க?” என்றார் கடைக்காரர் நாகூர் கனி. “பரங்கிப்பேட்டையில வீடு பாதி எழும்பி நிக்குது. பதினஞ்சு வருஷமா இங்க கிடக்கேன்னா, இன்னும் கிளம்பலைன்னுதான் அர்த்தம்.”

“பர்சாத் மழை முடிஞ்சதும் நான் மெயின்லேண்டு போறேன் பாய்,” என்றது பின்வரிசை.

“ஒரு பேச்சுக்காச்சும் இதுதான் என் ஊருன்னு சொல்லுங்களேன்!” என்று கெஞ்சினார் லெப்பை.

“பள்ளிக்குள்ள பொய்யா?” என்றார் கனி. “ சரி, இமாம் நீங்க. முதல்ல நீங்க சொல்லுங்க, பின்னாலேயே நாங்க சொல்றோம்.”

லெப்பை வாயைத் திறந்தார். காயல்பட்டினத்தில் வாப்பாவின் கபுருக்குப் பக்கத்தில் தனக்கென்று சொல்லிவைத்திருந்த ஆறடி மண் கண்ணில் வந்து நின்றது. தடியைச் சுவரில் சாய்த்தார்.

“இகாமத் சொல்லுங்க. ஜும்ஆ இல்ல, மத்த நாள் மாதிரி லுஹர்தான் தொழுவோம்.”

அதற்குப் பிறகு அவர் ஜெட்டிக்குப் போகவில்லை. அவர் மனைவி சம்சாத், கொடிக்கயிறு தொய்கிறது என்று அந்தத் தடியை அதற்கு முட்டாகக் கொடுத்தாள். எழுபத்தாறாம் வருஷ மழையில், கப்பல் வராத வாரத்தில், காய்ச்சல் கண்டு லெப்பை மவுத்தானார். திக்லிபூர் மண்ணிலேயே அடக்கினார்கள்.

ஆக, அந்த ஊரில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட முதல் ஆள் கதீபேதான். ஆனால் மய்யித்தைக் கணக்கில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை.