நாற்பத்தொன்றாவது அடி

சர்வேயர் நாடாவை இழுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுப் படுக்கையறைக்குள் போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி, ஒன்றும் புரியாமல் இரண்டு கால்களையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அந்தக் கால்கள் இருந்த இடத்தில், வழவழப்பான டைல்ஸின் மேல், சர்வேயர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த மனை என்றார். அந்தப் பக்கம் என்றால் ஜன்னல், பீரோ, கட்டிலில் பாதி.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

நான்தான் சர்வேயரை வரச் சொன்னவன். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில், மரவள்ளி போட்ட காட்டை மனையாக்கி விற்ற நகர் எங்களுடையது. மனை வாங்கியவர்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்கு நான் செயலாளர். கவிதை எழுதுகிறவன், விதி எழுதவும் ஆள் கிடைக்காததால் அதையும் எழுதினேன். வீட்டின் இரு பக்கமும் ஐந்தடி காலி விட வேண்டும். காற்று போக, மழைநீர் போக, ஒருவர் இருமல் இன்னொருவர் சுவரைத் தொடாமலிருக்க. அந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் தெருவில் ஒரே வரிசையாக எட்டு மனைகள். ஒவ்வொன்றும் நாற்பதடி அகலம். ஏழில் வீடு வந்துவிட்டது. நாலாவது என்னுடையது, ஏழாவது வாத்தியாருடையது. எட்டாவதை வாங்கிப் போட்டிருந்தவர் கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் செவிலியர். விடியலில் மலைக்கு பஸ் ஏறி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு இறங்குகிற பெண். வாடகை வீட்டில் மகளோடு இருந்தார். பஞ்சாயத்தில் வரைபட அனுமதி வாங்கி, வங்கியில் கடன் வாங்கி, முப்பதடி அகல வீட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். நான் போய் அளந்தேன். பக்கத்துக்கு ஒன்றரை அடிதான் மிஞ்சியது. விதியை மீறுகிறார் என்று நோட்டீஸ் கொடுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டீஸையும் பத்திரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நாப்பதுல முப்பது போனா பத்து மிஞ்சணும் சார். எனக்கு மூணுதான் மிஞ்சுது. கணக்கு எனக்குத் தப்பா, உங்களுக்குத் தப்பா?"

அதற்குத்தான் சர்வேயர். தெருமுனைக் கல்லிலிருந்து அவர் அளந்துகொண்டே வந்தார். முதல் வீட்டு மதில் ஒரு அடி தள்ளி இருந்தது. இரண்டாவது, இரண்டடி. மூன்றாவது, மூன்றடி. என் மதில், நான்கடி. ஏழாவதில் ஏழு. ஐந்தடி காலி போக, மிச்ச இரண்டடியில் வாத்தியாரின் படுக்கையறை.

யாரும் திருடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. எங்கள் ஏழு வீட்டையும் கட்டியது ஒரே மேஸ்திரி. மனையடி சாஸ்திரப்படி நாற்பதடி ஆகாது, சண்டை வரும்; நாற்பத்தொன்று செல்வம் என்பார். முன்னவர் மதிலிலிருந்து நாற்பத்தொன்று அளந்து நூல் பிடிப்பார். அடுத்தது காலி மனைதானே. எனக்கும் அப்படித்தான் பிடித்தார். நான் அன்று நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொந்தக் கையால். முனைக் கல்லைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைக்கு மனை நட்ட கற்களை ஜேசிபி எப்போதோ பிடுங்கிப் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டு கார் ஷெட்டில் கூடினோம். மேஸ்திரியும் வந்தார். ஆளுக்கொன்று பேசினார்கள். எட்டாவதுக்கு அப்பால் பூங்காவுக்கு விட்ட இடம் சும்மாதானே கிடக்கிறது, ஏழடி அதில் போய்க்கொள்ளட்டும் என்றார் முதல் வீட்டுக்காரர். ஒரே ஒரு அடிதான் தள்ளியவர், ஆகவே அதிகம் பேசினார்.  வாத்தியாரின் மனைவி இரண்டு நாளாகக் கூடத்தில் படுக்கிறாராம்.

செவிலியர் பூங்கா யோசனையை எழுந்து நின்று மறுத்தார்.

"அது ஊர் இடங்க. நீங்க எடுத்தது யாருக்கும் தெரியாது. நான் எடுத்தா நாளைக்கே போட்டோ புடிச்சிக்கினு வருவாங்க."

பிறகு அவர் சொன்னதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வாத்தியார் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டாம். மதிலை மட்டும் எடுத்துவிட்டு அந்தச் சுவர் வரை தனக்கு விடட்டும். முப்பத்தெட்டடி வரும்; வரைபடத்தை மாற்றி, வீட்டை இரண்டடி குறுக்கிக்கொள்வதாகச் சொன்னார். வாத்தியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மேஸ்திரிக்குத்தான் தாங்கவில்லை. "முப்பத்தெட்டு வேணாம்மா. அதுல பேய் குடியிருக்கும்னு சாஸ்திரம் சொல்லுது. வேற அளவு பாருங்க."

"இருக்கட்டும் மேஸ்திரி. பேய் வந்தா என் மனையில அடி எடுக்காது."

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. மேஸ்திரி தன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்து மறுபடியும் உள்ளே வைத்தார்.

எனக்கு அப்போது பட்டது இது. ஏழு பேர் தள்ளியதில் அவர் ஒருவர் இரண்டடி இழக்கிறார். வாத்தியார் மதிலை இழக்கிறார், ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றை இழக்கிறார். மற்ற ஆறு பேரிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. என் நான்கடி அப்படியே இருக்கும். என் கறிவேப்பிலைச் செடி அதிலேயே தழைக்கும். அந்த நிம்மதி என் மார்பில் இறங்கியதை நான் உணர்ந்தேன். உணர்ந்த உடனே அருவருத்தேன். கொல்லையில் பாம்பைப் பார்த்த மாதிரி, என்னையே பார்த்து.

தீர்மான நோட்டை விரித்தேன். எட்டாம் மனைக்காரரின் சம்மதத்தோடு, என்று தொடங்கினேன். அவர் மேசைப் பக்கம் வந்து குனிந்து படித்தார்.

"சம்மதம்னு எழுதாதீங்க சார். யாரு யாரு எத்தினி அடி தள்ளி இருக்கீங்கன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

 முதல் வீட்டுக்காரர் போனைப் பார்க்கத் தொடங்கினார். நான் எழுதியதை அடித்துவிட்டு, புதுப் பக்கம் எடுத்து, மேலே முதலில் என் வீட்டு எண்ணைப் போட்டேன்.