மதினியின் கோணல் பல்

முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கடித்துப் பதம் பார்க்காமல் பெட்டியில் அடுக்கக் கூடாது. எங்கள் நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளில் இது சட்டம். போன மாதம் என் மதினி கடித்துப் பார்த்தாள். கொத்து உடையவில்லை. அவளுடைய மேல்வரிசைப் பல் செட்டுதான் இரண்டாக உடைந்தது!

அண்ணன் மகள் பகவதிக்குக் கல்யாணம். இன்னும் பதினைந்தே நாள். மதினியைக் கூட்டிக்கொண்டு கோட்டாற்றுப் பல் டாக்டரிடம் ஓடினேன்.

"பழசு ஒரே கோணல், டாக்டரே. போட்டோ பிடிக்கப் போறாவ. முத்து மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க" என்றாள். செய்து தந்தார். அடடா, என்ன அழகு! அண்ணனே ஒருமுறை திரும்பிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால்... குரவை? குலவைச் சத்தத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மதினியின் குரவை நாலு தெருவுக்குக் கேட்கும். எந்த வீட்டில் தாலி கட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புது செட்டோடு நாக்கைச் சுழற்றினாள். வந்தது வெறும் காற்று. மறுபடியும் காற்றுதான். ஊருக்கெல்லாம் போட்டவள், பெற்ற மகளுக்குப் போட முடியவில்லையே! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள்.

"கிராமபோன் வச்சுக்கிடலாம்" என்றார் அண்ணன். அவரை யாரும் அடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பகவதி ஒரே போடாகப் போட்டாள். "அம்மை குரவை போட்டாத்தான் நான் தலை குனிவேன். இல்லேன்னா மாப்பிள்ளை தாலியோட நிக்கட்டும்!"

மறுபடியும் டாக்டர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார் — "உடைஞ்சதைத் தூரப் போட்டுட்டியளா?"

நல்லவேளை, மதினி எதையும் தூரப் போடுகிற ரகமில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், இரண்டு துண்டும் இருந்தன. டாக்டர் அவற்றை மெழுகால் ஒட்டி, பிளாஸ்டரில் அமுக்கி அச்சு எடுத்தார். அந்த அச்சுக்குள் பல்லைப் பதித்து, ஈறுக்கு ரப்பரை வைத்துப் புட்டு அவிப்பதுபோல் ஆவியில் வேகவைக்க வேண்டுமாம்.

"எத்தனையோ கோணலை நேராக்கியிருக்கேன். கோணலை அளந்து செய்யது இதுதான் முதல் தடவை" என்று சிரித்தார்.

போன வியாழக்கிழமை முகூர்த்தம். அன்று காலையில்தான் டாக்டரே செட்டைக் கொண்டுவந்தார். முன்பல்லில் அதே கோணல், அதே சந்து! போட்டுப் பார்த்து ஒத்திகை நடத்த எங்கே நேரம்? மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். பகவதி நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறாள்.

மதினி செட்டை மாட்டிக்கொண்டு கையை வாயருகே கொண்டுபோனாள். எழும்பியது பாருங்கள் ஒரு குரவை! மேளக்காரரே ஒரு நொடி அடிப்பதை நிறுத்திவிட்டார். பகவதி சிரித்துக்கொண்டே தலை குனிந்தாள். மதினியின் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்... ஏன் மறைக்க வேண்டும்?

முத்துப் பல் போட்டோவுக்கு. பழகிய கோணல் சந்தோஷத்துக்கு. நம் வீட்டு மனிதர்களும் அப்படித்தானே?

பந்தியில் டாக்டர் இலையில் மதினி ஒரு முந்திரிக்கொத்து வைத்தாள். "கடிச்சுப் பாருங்க டாக்டரே!"

அவர் அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன!