குறை சொல்பவர் போகவேண்டிய இடம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் சப்பாத்தைத் துடைத்து, சீனியில்லாத தேநீர் குடித்து, எஸ்-பான் ரயிலில் ஹம்பேர்க் அலுவலகத்துக்குப் போனேன்.

நான் சட்டத்தரணி. பல வருடங்களாக ஆப்பிரிக்க வணிக ஒப்பந்தங்களே என் வேலை. அன்றைய ஒப்பந்தம் நழுவினால் ஆப்பிரிக்கப் பிரிவையே மூடி, என்னை வாடகை வழக்குகளுக்கு மாற்றுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. விற்பவர் கானாவின் முந்திரி வியாபாரி அம்மையார்; வாங்குபவர் ஹம்பேர்க் முதலாளி, எங்கள் கட்சிக்காரர். அம்மையாருக்கு மறுநாள் விமானம்.

விலையும் தரமும் முடிந்திருந்தன. மிஞ்சியது ஒரே வரி: தகராறு வந்தால் விசாரணை எங்கே? முதலாளி ஹம்பேர்க் என்றார். அம்மையார் கானாவின் அக்ரா என்றார். பிற்பகல்வரை இருவரும் வேறொன்றும் சொல்லவில்லை. மேசையில் தண்ணீரும் பிஸ்கட்டும்தான். கடைசியில் அம்மையார் ஒப்பந்தக் கோப்பை மூடிவிட்டு, பசியோடு தான் எதிலும் கையொப்பமிட்டதில்லை என்றார். மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரெண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாறன்."

"இப்பவோ சொல்லுறியள்? முன்கூட்டிச் சொல்லி டெர்மின் எடுக்காமல் இஞ்ச ஏலாது."

"அவசரமப்பா."

"நண்டுக்கறி இருக்கு. ஜேர்மன்காரர் கையால சாப்பிடுவாரோ?"

"பழக்கிறன்."

எங்கள் வீட்டு மேசையில் முதலாளி கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நண்டுக்காலோடு மல்லுக்கட்டினார். ஓடு பறந்து அம்மையாரின் தலைக்கட்டில் இறங்கியது. அவர் அதை எடுத்து முதலாளியின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்து, சரக்கு பழுதென்று திருப்பி அனுப்புவதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். எல்லோரும் சிரித்தோம். அந்த உற்சாகத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது.

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுது."

"வீட்டுச் சட்டம் தெரியுந்தானே? குறை சொல்லுறவர் குசினிக்குப் போகோணும். சட்டி கழுவுறது உங்கட வேலை, சட்டத்தரணி ஐயா!"

அம்மையார் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். கண்ணீர் வரச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தி, நண்டுக்காலை முதலாளியின் பக்கம் நீட்டினார். முதலாளி குறை சொன்னால் அவர் அக்ராவுக்கு வரவேண்டும். தான் குறை சொன்னால் ஹம்பேர்க்குக்கு வருவார். எழுதுங்கள் என்றார்.

முதலாளி மென்று விழுங்கினார். அக்ராவில் எவ்வளவு வெயில் என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, தான் குறையே சொல்லப்போவதில்லை, எழுதலாம் என்றார்.

நான் எழுந்து நின்றேன். ஏனென்று தெரியவில்லை. மறுபடி இருந்தேன். மறுபடி எழுந்தேன்.

"என்னப்பா, கதிரையில முள்ளோ?" என்றாள் மனைவி.

கொண்டுவந்திருந்த ஒப்பந்தத்தில் அந்த வரியை அங்கேயே கையால் எழுதினேன், இருவரும் கையொப்பமிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் மஞ்சளாய் ஒரு விரலடையாளம் இருக்கிறது. அது தன்னுடையதென்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மையார் மிச்சக் கறியையும் கட்டுவித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஊறவைத்திருந்த நண்டுச் சட்டியைக் கழுவினேன்.